வட்டத்துக்குள் ஓர் எழுத்து

"போலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க, மேடம்."

கட்டிலில் இருந்த பெண் இதைக் கேட்டபோது அவள் முகத்தில் அசைந்தது வாய் மட்டும்தான். மற்றதெல்லாம் கட்டு. நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளைத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று. அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் பாதிக் குளியலறையில், ஒரு முக க்ரீம் டப்பாவின் மூடியில், காதோரம் பூ வைத்துப் பக்கவாட்டில் திரும்பிச் சிரிப்பவள் இவள்தான்.

க்ரீம் இவளுடைய அக்காவின் தயாரிப்பு. ஒரு நாள் காலையில் இவள் தன் படம் போட்ட டப்பாவைத் திறந்து, எப்போதும் போல முகத்தில் பூசிக்கொண்டாள். யாரோ அதில் எரிக்கிற எதையோ கலந்து வைத்திருந்தார்கள். கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டதாம்.

போலீஸ் சுறுசுறுப்பாக ஓர் ஆளைப் பிடித்து உள்ளே போட்டது. அந்த டப்பா போலி, இவன் போலி தயாரிக்கிறவன், தீர்ந்தது விஷயம். ஆனால் கட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அது தீரவில்லை. அதனால்தான் என் அத்தைக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

என் அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, துப்பறிகிறவள். தராசு ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் காதல் ஏதாவது உண்டா என்று பார்க்கிற கேஸ்கள். நான் அவளுடைய டிரைவர், உதவியாளர், திட்டு வாங்குகிறவன். சம்பளம் கேட்டால் மட்டும் மருமகன்.

"நாளைக்கு டிஸ்சார்ஜ்," என்றாள் அந்தப் பெண். "அக்கா வந்து கூட்டிட்டுப் போறேங்கறா. ஒரே வீடுதான். அவ கீழ, நான் மேல. என் வீட்டுச் சாவி ஒண்ணு எப்பவும் அவகிட்ட இருக்கும். போலீஸ் என்னமோ சொல்றாங்க. ஆனா அந்த டப்பா என் பாத்ரூம் அலமாரில இருந்துச்சு, மேடம்."

"அக்கா மேல சந்தேகமா?" என்றாள் அத்தை. சுற்றி வளைக்கிற பழக்கமே கிடையாது.

"இல்ல." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. "இல்லன்னு நீங்க வாயால சொல்லணும். அப்பதான் நாளைக்கு அவ ஊட்டி விட்டா என்னால முழுங்க முடியும்."

"சமீபத்துல சண்டை ஏதாவது?"

"அக்கா தங்கச்சின்னா இருக்காதா? அது வீட்டுக்குள்ள விஷயம். விடுங்க."

அத்தை எதையும் விடுகிற ஜாதி இல்லை. ஆனாலும் விட்டாள். வெளியே வந்ததும், "பொய் சொல்ற வாய், கட்டுக்குள்ள இருந்தாலும் தெரியுதுடா," என்றாள்.

"பாவம் அத்தை, அந்தப் பொண்ணு."

"பாவம்தான். அதுக்காகப் பொய் உண்மையாயிடுமா? வண்டிய எடு."

*

லாக்கப்பில் இருந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் ஜெராக்ஸ். சோப்பு, பற்பசை, ஷாம்பு, பேனா என்று எதைக் கொடுத்தாலும் அச்சு அசலாக அடித்துக் கடையில் தள்ளிவிடுவான். ஆளைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தான். நாங்கள் உள்ளே போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அழுகைக்குக் காரணம் ஜெயில் என்று நினைத்தேன். இல்லை, மானப் பிரச்சினை.

"அசல்ல இல்லாததை நான் போட்டேன்னு சொல்றாங்க, மேடம்! என் தொழில்ல இதுவரைக்கும் ஒருத்தன் அப்படி என்னைச் சொன்னதில்லை!"

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு மூடிகளை எடுத்து வைத்தார். நல்ல மனிதர். எங்களைப் பார்த்தால் மட்டும் அவருக்குத் தலைவலி வரும்.

"இங்க பாருங்க. இது கடையில விக்கிற அசல். படத்துக்குக் கீழே மூலையில டி.எம்.னு பொடி எழுத்து. இது அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பொசுக்கின டப்பா மூடி. அதே மூலையில ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஆர். வேற வித்தியாசமே கிடையாது. கம்பெனி முதலாளியம்மாதான், அதாவது அந்தப் பொண்ணோட அக்காதான், பாத்த உடனே சொன்னாங்க. அவங்க சின்னம் இன்னும் பதிவாகலை, பதிவாகாம வட்டம் போடக் கூடாது, அதனால அவங்க டப்பாவுல வட்டம் இருக்கவே இருக்காதுன்னு. ஆக, இது போலி. போலின்னா இவன்."

"இவன்கிட்ட பிடிச்ச சரக்குல வட்டம் இருந்துச்சா?"

"இல்ல. டி.எம்.தான். அது பழைய சரக்கு, இது புதுசா இருக்கும்."

அத்தை கேட்டு வாங்கிய பேப்பரையும் பேனாவையும் கம்பி வழியாக நீட்டினாள். அசல் மூடியையும் கொடுத்தாள்.

"வரை."

ஜெராக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் குந்தினான். மூக்கு, சிரிப்பு, காதோரப் பூ எல்லாம் அப்படியே இறங்கியது. அசலில் அந்தப் பூவின் ஓர் இதழ் பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும், எந்தக் காலத்திலோ அச்சில் நடந்த கோளாறு. அந்தப் பாதி இதழையும் அவன் பாதியாகவே வரைந்தான். டி.எம்.மில் ஒரு கோடு லேசாகச் சாய்ந்திருந்தது. அதையும் சாய்த்தான்.

"அந்த இதழை முழுசாப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் புழுவாகிவிட்டேன். "திருத்தினா அப்புறம் அது என் டிசைன் சார். எனக்கு எதுக்கு டிசைன்?"

"இந்த டி.எம்.னா என்ன?" என்றாள் அத்தை.

"தெரியாது மேடம்."

"வட்டத்துக்குள்ள ஆர்?"

"அதுவும் தெரியாது. சில டப்பாவுல அது இருக்கும், சிலதுல இது இருக்கும். இருக்கிறதைப் போடுவேன், அவ்ளோதான். படிச்சுப் பாத்துட்டா வேலை செய்ய முடியும்?"

அத்தை எழுந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"தெரியாதவன் காப்பி அடிப்பான், இன்ஸ்பெக்டர். தெரிஞ்சவன்தான் மாத்துவான்," என்றாள் அத்தை. "இது மாத்தியிருக்கு. இதைச் செஞ்சவனுக்கு டி.எம்.முக்கும் ஆருக்கும் வித்தியாசம் தெரியும். அது யாருக்கெல்லாம் தெரியும்னு பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் இவனுக்கு டீயாவது வாங்கிக் குடுங்க."

"சர்க்கரை கம்மியா," என்றான் ஜெராக்ஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

*

வித்தியாசம் சொல்லித் தருவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருந்தார். டிரேட் மார்க் ஏஜெண்ட். லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரியான அத்தை ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை செலவழித்து ஏறினாள். மூன்றாவது மாடிக்கான வார்த்தையை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

ஏஜெண்ட் ஒல்லியான ஆள். சுவரெல்லாம் சின்னங்கள்: யானை, சாவி, மூன்று நட்சத்திரம், பறக்கிற செருப்பு. நாங்கள் கேட்டதும் ஆனந்தமாகிவிட்டார். இதைப் பற்றி யாரும் அவரிடம் ஆசையாகக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"டி.எம். யார் வேணா போடலாம்மா. இந்தப் பேர், இந்தப் படம் என்னோடது, கை வெக்காதேன்னு நீங்களா சொல்லிக்கிறது. யாரையும் கேக்க வேணாம். வட்டத்துக்குள்ள ஆர் அப்படி இல்ல. மனு போட்டு, அவங்க அலசி ஆராய்ஞ்சு, யாரும் ஆட்சேபணை சொல்லாம, ஆமா இது இவங்களோடதுதான்னு பதிவு பண்ணின அப்புறம்தான் போடணும். அதுக்கு முன்னாடி போட்டா குத்தம்."

"புரிஞ்சுது," என்றேன். "டி.எம்.னா, நான் கட்டிக்கப் போறது இந்தப் பொண்ணைத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறது. ஆர்னா, கல்யாணம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி வீட்டுக்காரின்னு கூப்பிட்டா உதை."

"உனக்கு இன்னும் டி.எம்.மே வரலையேடா," என்றாள் அத்தை. ஏஜெண்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பதை மூன்றாம் மாடியில் வைத்துத்தான் சொல்ல வேண்டுமா?

"க்ரீம் கம்பெனிக்கும் நீங்கதானே ஏஜெண்ட்? அங்க யாருக்கெல்லாம் இந்த வித்தியாசம் சொல்லிக் குடுத்தீங்க?"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்தான் வந்தாங்க. அவர் வட்டம் போட்டா கெத்தா இருக்கும், இப்பவே போட்டா என்னன்னு கேட்டார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. மனுஷன் அடங்கிட்டார். ரொம்ப கரெக்டான அம்மா. டி.எம்.மை எந்த மூலையில வெக்கணும், எவ்ளோ சின்னதா வெக்கணும்னு என்கிட்டயே வாதாடுவாங்க."

நான் அத்தையின் காதில், "புருஷன்தான். வட்டத்து மேல ஆசை," என்று முணுமுணுத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

"சின்னம் ஒரு மூஞ்சி. அதுவும் உயிரோட இருக்கிற ஆளோட மூஞ்சி. அதை இன்னொருத்தர் பேர்ல பதிவு பண்ணிடலாமா?"

"எப்படி முடியும்? படத்துல இருக்கறவங்க சம்மதம் எழுத்துல வேணும். மூஞ்சி அவங்களோடது இல்லையா?"

"இந்தப் பொண்ணு சம்மதிச்சுதா?"

இவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி பேசியவர் சட்டென்று மூடிக்கொண்டார். "அது கட்சிக்காரர் விஷயம்மா. அதைச் சொன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

அத்தை வற்புறுத்தவில்லை. படி இறங்கும்போது திட்டவும் இல்லை. அவள் திட்டாமல் இறங்கினால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

*

க்ரீம் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியதும் அத்தை ஜெராக்ஸ் விஷயமாக இன்ஸ்பெக்டரிடம் போனில் இரண்டு வார்த்தை பேசி, உடனே கிளம்பி வந்து வாசலில் நிற்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு போன் போடு. நாங்க உள்ள பேசறதைக் கேட்டுக்கிட்டே இருன்னு சொல்லிட்டு, லைன்லயே பையில வெச்சுக்கோ," என்றாள்.

"எதுக்கு?"

"அவதானே கேட்டா, போலாமா கூடாதான்னு. நான் சொன்னா நம்புவாளா? காதால கேட்டாதான் நம்புவா."

"அத்தை, அவ உடம்பு இருக்கிற நிலைமைக்கு..."

"மூஞ்சிதானே போச்சு? காது நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் சாவியைத் தூக்கி அவள் மடியில் எறிந்திருப்பேன். "நீங்கல்லாம் மனுஷிதானா?" என்று கேட்டும் விட்டேன்.

"நாளைக்கு அவ தெரியாம அந்த வீட்டுக்குப் போய், ஊட்டினதை முழுங்கட்டும்னு விட்டுடவா? போடுடா."

போட்டேன். மறுமுனையில் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னாள். சட்டைப் பையில் அவளை வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீளமான கூடம். ஒரு பக்கம் க்ரீம் கலக்கும் பெரிய பாத்திரங்கள், மறுபக்கம் லேபிள் அடிக்கும் மெஷின், நடுவில் மேஜை போட்டுப் பெண்கள் மூடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுக்க அவள் முகம். 'அசலைக் கேட்டு வாங்குங்கள்' என்று கீழே புதிதாக எழுதியிருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வியாபாரம் இரட்டிப்பாகிவிட்டதாக எங்களை வரவேற்ற முதலாளியம்மாவின் வீட்டுக்காரரே சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். வெள்ளந்தி மனிதர், வாய்க்கும் மூளைக்கும் நடுவே கதவே கிடையாது.

முதலாளியம்மா அந்தப் படச் சுவரை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். புறங்கையில் கொஞ்சம் க்ரீமைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் சாயல் கொஞ்சம் உண்டு. ஆனால் யாரும் டப்பாவில் போட மாட்டார்கள்.

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன்," என்றாள், நாங்கள் கேட்காமலே. "மாடி வேணாம், கீழயே ஒரு ரூம் தயார் பண்ணிட்டேன். வீட்டுல இருக்கிற கண்ணாடியெல்லாம் கழட்டியாச்சு. சின்ன வயசுல இருந்து நான் வளர்த்த பொண்ணு. அந்த ஜெராக்ஸ் பயலைத் தூக்குல போடணும்."

"போட்டுடுவாங்க," என்றாள் அத்தை, கேட்காமலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "நான் அதுக்கு வரலை. ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இப்பதான் உங்க ஏஜெண்ட் ஆபீஸ்ல இருந்து வரோம். உங்க சின்னம் பதிவாயிடுச்சாம்."

நான் திகைத்துப் போய் அத்தையைப் பார்த்தேன். வாய் கூசாமல் பொய் சொல்கிறாள்!

"ஆயிடுச்சா!" வீட்டுக்காரர் குதித்தே விட்டார். என்னைக் கட்டிப்பிடித்தார். போன் பையில் நசுங்கியது. தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, "ஏம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க! இனிமே டி.எம். கிடையாது, வட்டம்தான்! எல்லாருக்கும் ஸ்வீட் சொல்லுங்க!" என்று கத்தினார். வெளியே பெண்கள் கை தட்டினார்கள்.

முதலாளியம்மா தட்டவில்லை. புறங்கையில் இருந்த க்ரீமை ஒரு துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"யார் சொன்னது?"

"ஏன், சந்தோஷமா இல்லையா?"

"பதிவாகி இருக்காது. தப்பான தகவல்."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க? இத்தனை நாள் காத்திருந்தது இதுக்குத்தானே? அப்புறம் இன்னொண்ணு. பதிவாயிடுச்சுன்னா, மனு போட்ட நாள்ல இருந்தே அது உங்களோடதுன்னு கணக்காம். அப்ப அந்தப் பொண்ணோட டப்பாவுல இருந்த வட்டம் தப்பே இல்லை பாருங்க. வட்டம் தப்புன்னுதானே அதைப் போலின்னீங்க? வட்டம் சரின்னா, அந்த டப்பா யாரோடது?"

சட்டப்படி இது சுத்தப் பேத்தல் என்று ஏஜெண்ட் பிறகு தலையில் அடித்துக்கொண்டார். என்றைக்குப் பதிவானாலும், பதிவு கைக்கு வருவதற்கு முன்னால் வட்டம் போட்டது போட்டதுதானாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அந்த அறையில் சட்டத்தை யார் யோசித்தார்கள்? வீட்டுக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"வட்டம் வரவே வராது! எப்படி வரும்? அவ சம்மதமே குடுக்கலையே!"

"குடுத்துட்டான்னு சொன்னியே?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் மனைவியையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணம் மாதிரி நல்ல செய்தி," என்றாள் அத்தை, எழுந்திருக்காமலே. "இவர் குதிச்சார். வெளியே கை தட்டினாங்க. இந்தக் கூடத்துல அது பொய்யின்னு தெரிஞ்சது உங்க ஒருத்தருக்குத்தான். தங்கச்சி முடியாதுன்னுட்டா. அதைப் புருஷன்கிட்டகூட மறைச்சிட்டீங்க. ஏன்?"

"அது எங்க குடும்ப விஷயம்."

"அதையேதான் அவளும் சொன்னா. அவ சொன்னது உங்களைக் காப்பாத்த. சரி, உங்க தப்பு எங்கன்னு சொல்லட்டுமா? உங்களுக்கு விஷயம் அதிகமாத் தெரிஞ்சதுதான் தப்பு. போலிக்காரன் சட்டம் தெரியாத முட்டாள், பந்தாவுக்கு ஒரு வட்டம் போட்டுடுவான், நாம பாத்த உடனே போலின்னு சொல்லிடலாம்னு நெனச்சீங்க. அதோ அந்த மெஷின்ல ஒரே ஒரு லேபிள் அடிச்சீங்க. ஆனா போலிக்காரன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்மா. உங்க பூவுல பாதி இதழ் போயிருக்கே, அதைக்கூட அவன் திருத்தலை. கடையில இருக்கிறதைத்தான் அடிப்பான். வட்டம் போட்ட டப்பா எந்தக் கடையிலயும் இல்லை. போலி எப்படி இருக்கணும்னு யோசிச்சு ஒருத்தர் போலி பண்ணியிருக்காங்கன்னா, அது அசல்காரிதான்."

முதலாளியம்மா மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள், மயங்கி விழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம், அடக்கி அடக்கி வைத்திருந்த கோபம்.

"பரு மூஞ்சியோட மூலையில உக்காந்திருந்தவ அவ! யாரு அவளை வெளிய கொண்டாந்தது? நான்! காதுல பூவை வெச்சு, இப்படித் திரும்பு, இப்படிச் சிரின்னு சொல்லிக் குடுத்தது நான். ஒவ்வொரு கடையா நான் ஏறி இறங்கினேன். என் மூஞ்சியப் பார்த்து எவனும் வாங்க மாட்டான்னு எனக்குத் தெரியும், அதனால அவளை வெச்சேன். எல்லாம் ஆன அப்புறம் ஒரு பெரிய கம்பெனிக்காரன் வந்து அவகிட்டக் கேக்கறான், உங்க முகம் எங்களுக்கு வேணும்னு. இவ என்கிட்ட வந்து சொல்றா, இது என் மூஞ்சி அக்கா, யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்னு. என் மூஞ்சியாம்!"

"அதனால?" என்றாள் அத்தை.

"நான் யாரோடதையும் திருடலை. என் சின்னத்தை நான் காப்பாத்திக்கிட்டேன். ரெண்டு எடத்துல இருந்தாத்தானே கண்டவனும் வந்து கேப்பான்? இப்ப போய்க் கேக்கச் சொல்லுங்க பாப்போம். அந்த மூஞ்சி இப்ப என் டப்பாவுல மட்டும்தான் இருக்கு."

வீட்டுக்காரர் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு அது கண்ணில் படவில்லை. வெளியே இன்னும் யாரோ ஸ்வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவளை அடித்துவிடுவேனோ என்று பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். பையிலிருந்த போனை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கேட்டியாம்மா?"

முதலில் மூச்சு மட்டும் வந்தது. முதலாளியம்மா அதை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றாள். அவள் தலைக்கு மேலே தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா." உதட்டை அசைக்காமல் பேசின மாதிரி ஒரு குரல். "அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட முந்தின நாளே முடியாதுன்னு சொல்லிட்டேன்க்கா."

"பொய்."

"உன்கிட்ட சரின்னு சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்னுதான் அன்னிக்குக் காலைல எழுந்தேன். சண்டை போட்ட மூஞ்சியோட எப்படி வரது? கழுவிட்டு, க்ரீம் போட்டுக்கிட்டுக் கீழ வரலாம்னு..."

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அத்தைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஸ்பீக்கரைப் போட்டிருக்க மாட்டாள் என்று நான் இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். அவள் கை மட்டும் முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தது.

"பொய் சொல்றா," என்றாள் முதலாளியம்மா எங்களைப் பார்த்து. "எப்பவும் இப்படித்தான். நான் அழணும்னே சொல்லுவா."

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் வருவதும், மூடி ஒட்டும் பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நிற்பதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"மேடம்," என்றது போன். "அப்ப நாளைக்கு நான் எங்க போறது?"

அத்தை வாயைத் திறந்தாள். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் வைத்திருப்பவள், என் கல்யாணம் முதல் இன்ஸ்பெக்டரின் தொப்பை வரை கருத்துச் சொல்பவள், திறந்த வாயோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் சொன்னது அக்காதான். மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி, போனுக்கு மேல் குனிந்து, கோபமெல்லாம் போய், வீட்டில் தினமும் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நம்ம வீட்டுக்குத்தான் வரணும். வேற எங்க போவ, இந்த மூஞ்சியோட?"

நான் பாய்ந்து போனை அணைத்தேன்.